இருபத்து நான்கும் இருபத்தேழும்

நமது கணினி வகுப்பில் முதல் ஆண்டு சேர்ந்தோர் பத்தொன்பது பேர். ஆண்டு முடிவில் எஞ்சியோர் நால்வர். அந்நால்வரிலும் இருவர், நூலகக் கூடத்து மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்களோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. குறை மாணவர்களிடம் இல்லை. முப்பது ஆண்டுகளாக சர்ஃபும் நஹ்வும் ஃபிக்ஹும் நடத்தி வரும் ஒருவர் நிரல் எழுதும் கலையை எப்படி நடத்துவாரோ, அப்படியே நாம் நடத்தினோம். அதாவது, இலக்கணத்தை முதலில் வைத்தோம்.

மதரஸாவில் நாம் ஓதிய முறை அதுதான். ஹிஜ்ரி 723இல், அதாவது 1323ஆம் ஆண்டில் மறைந்த ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் இயற்றிய சிறு இலக்கண நூலைப் பொருள் விளங்கும் முன்பே மனப்பாடம் செய்தோம். பொருள் பின்னால் வந்தது. சிலவற்றுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது. எனவே கணினி வகுப்பிலும் குறிப்பேடு கொண்டுவரச் சொன்னோம். மாறி என்பது யாது? தரவின் வகைகள் எத்தனை? நிபந்தனைக் கூற்றின் உறுப்புகள் எவை? சுழற்சிக் கூற்று எப்போது நிற்கும்? சொன்னோம், எழுதினார்கள், ஒப்பித்தார்கள். மாணாக்கரைத் தரம் பிரித்த நன்னூலார் கிளியை இடைமாணாக்கர் வரிசையில்தான் வைத்தார். சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு அதற்குமேல் மதிப்பளிக்க அவருக்கு மனமில்லை போலும். நாமோ பத்தொன்பது கிளிகளை வளர்க்க முனைந்து, பதினைந்தைப் பறக்கவிட்டோம்.

வியப்பு என்னவென்றால், நாம் இக்கலையைக் கற்றது இம்முறையில் அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது, மதரஸா பூட்டப்பட்டது. சென்னையில் மென்பொருள் பணியிலிருந்த நம் சகோதரியின் மகன் மடிக்கணினியோடு ஊர் வந்து சேர்ந்தார். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த நமக்கு வேலையின்மை ஒரு நோயாக மாறுவதைக் கண்ட அவர், "மாமா, நூலகத்தில் இருக்கும் கிதாபுகளுக்கு ஒரு பட்டியல் செய்யுங்களேன். கணினியில் செய்யுங்கள்; யாரும் திறந்து பார்க்கலாம்" என்றார். "முதலில் பாடப் புத்தகம் ஒன்று கொடு" என்றோம். "வேண்டாம் மாமா. படித்துவிட்டுக் கட்ட வேண்டாம், கட்டிக்கொண்டே படியுங்கள்" என்றார். முதல் நாள் மாலையே திரையில் ஒரு பக்கம் நின்றது. அதில் மூன்றே கிதாபுகளின் பெயர்கள். அரபுப் பெயர் வலமிருந்து இடமாக ஓட, ஒரு சிறு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று கற்றதும், தமிழ் எழுத்துகள் சிதைந்து கிறுக்கல்களாகத் தோன்றியபோது பக்கத்தின் தலையில் எழுத்துமுறையைக் குறிக்க வேண்டும் என்று கற்றதும், தேவை வந்து கழுத்தைப் பிடித்தபோது கற்றவை. இன்றுவரை மறக்கவில்லை.

அப்படிக் கற்றவர் பிறருக்கு ஏன் அப்படிக் கற்பிக்கவில்லை? இக்கேள்வியை மருமகனாரும் கேட்டார். தான் கற்ற வழியை விட்டுவிட்டுத் தன் உஸ்தாதின் வழியில் போய் நிற்பதுதான் ஆசிரியரின் இயல்பு போலும் என்பதன்றி நம்மிடம் விடை இல்லை.

இரண்டாம் ஆண்டு குறிப்பேடுகளை மூட்டை கட்டினோம். பள்ளிவாசலை ஒட்டிய நூலகக் கூடத்தில், வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பிய அன்பர்கள் வாங்கித் தந்த ஆறு பழைய கணினிகள் இருந்தன. ஆண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின்னர் வகுப்பு. பெண்பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு காலைகளில். இணையப் பக்கத்தை முதற்பாடமாக எடுத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவி இல்லாத கணினி கிடையாது. எழுதி, சேமித்து, திறந்தால் எழுதியது கண்முன் நிற்கும். 1989இல் ஜெனீவா நகரத்து அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பார் இந்த வலைமுறையை முன்மொழிந்தபோது, ஆய்வாளர்கள் தம் ஏடுகளைப் பகிர்ந்துகொள்வதே நோக்கம். அந்த எளிமை இன்னும் அடித்தளத்தில் இருக்கிறது. எச்.டி.எம்.எல். என்னும் குறிமுறையை விளக்க நமக்கு முஸ்ஹஃபே துணை வந்தது. திருக்குர்ஆனின் வரிகளுக்கு மேல் சிறு எழுத்துகளாக வக்ஃபுக் குறிகள் இருக்கின்றன அல்லவா? ஓதுபவர் அவற்றை வாய்விட்டு ஓதுவதில்லை. ஆனால் அவற்றின்படி நிற்கிறார், தொடர்கிறார். பக்கத்தில் இடும் குறிகளும் அத்தகையவையே. உலாவி அவற்றைக் காட்டாது, அவற்றுக்குக் கட்டுப்படும். இதைச் சொன்னபோது ஹிஃப்ளு முடித்த பையன் ஒருவன் முகத்தில் தோன்றிய வெளிச்சத்தை முதல் ஆண்டு முழுவதும் நாம் கண்டதில்லை.

முதற்கிழமையில் தத்தம் பெயரைத் தலைப்பாக இட்ட பக்கம். அடுத்து இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் பக்கம். இங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இரண்டையும் மூன்றையும் இட்டார்கள். கணினி இருபத்து மூன்று என்றது. கூடமே சிரித்தது. பெட்டியில் தட்டப்படுவது எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதனை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். இரண்டு எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கமாக ஒட்டிவைக்கும். எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டச் சொல்ல வேண்டும். பிரெண்டன் ஐக் என்பார் 1995ஆம் ஆண்டில் பத்தே நாளில் இம்மொழியின் முதல் வடிவத்தைச் செய்து முடித்தார் என்பது வரலாறு. அந்த அவசரத்தின் சுவடுகளை மாணவர்கள் அவ்வப்போது கண்டுபிடித்து மகிழ்வார்கள். முதல் ஆண்டு 'தரவு வகை' என்று நாம் ஒரு மாதம் ஓதியதை இந்த இருபத்து மூன்று ஒரு நொடியில் ஓதிவிட்டது. பிறகு நூலகப் புத்தகம் வாங்கிச் செல்வோரின் பதிவேடு செய்தார்கள். பக்கத்தைப் புதுப்பித்ததும் பதிந்ததெல்லாம் மறைந்தது, அப்போதுதான், "எழுதியதை எங்கே வைப்பது?" என்னும் கேள்வி அவர்களிடமிருந்தே எழுந்தது. சேமிப்பு, வழங்கி, தரவுத்தளம் எல்லாம் அக்கேள்வியின் வால் பிடித்து வந்தன. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

சொல்ல வந்தது வாரிசுப் பங்கீட்டுப் பக்கத்தைப் பற்றி.

ஆண்டின் பிற்பகுதியில், ஊருக்கு உதவக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. இறந்தவர் விட்டுச்சென்ற தொகையையும் உற்றாரின் எண்ணிக்கையையும் இட்டால், அவரவர் பங்கைச் சொல்லும் பக்கம். நிபந்தனைக் கூற்றுகளைப் பயில ஃபராயிளைவிடச் சிறந்த களம் ஏது? பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. பிள்ளை இருந்தால் கணவனுக்கு நான்கில் ஒன்று, இல்லையென்றால் இரண்டில் ஒன்று. மகன் இன்றி மகள் ஒருத்தி மட்டும் இருந்தால் பாதி, இருவரும் அதற்கு மேலும் இருந்தால் மூன்றில் இரண்டு. ஒவ்வொரு வரியும் 'ஆனால்', 'இல்லாவிடில்' என்றே நடக்கிறது. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் அல்ஜப்ரு நூலின் பெரும்பகுதியை வஸிய்யத்துக்கும் வாரிசுக் கணக்குக்கும் ஒதுக்கினார் என்பதையும், அவர் பெயரின் லத்தீன் வடிவமே 'அல்காரிதம்' என்னும் சொல்லாயிற்று என்பதையும் சொன்னோம். பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. எனினும் பிள்ளைகள் பெருமைப்பட்டார்கள்.

விதிகளை நாம் சொல்லச் சொல்ல இரு வகுப்பாரும் பகுத்துக்கொண்டு எழுதினார்கள். கணவன் அல்லது மனைவி, மக்கள், தாய், தந்தை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டோம். முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவற்றைக் கழிக்க மூன்று பெட்டிகள். வரிசை பிழைத்தால் கணக்குப் பிழைக்கும் என்பதைச் செய்தே கண்டார்கள். எட்டு வயதுத் தம்பியோடு வந்த மாணவர் ஒருவர் அவனை விளையாடவிட, அவன் கணவர் மூவர் என்று இட்டான். பக்கமும் சளைக்காமல் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தது. உள்ளே வருவதைச் சோதித்தே ஏற்க வேண்டும் என்ற பாடத்தை அச்சிறுவன் நடத்தி முடித்தான்.

ஆறு வாரத்தில் பக்கம் உருப்பெற்றது. நாம் சோதனைக் கணக்குகள் பன்னிரண்டு கொடுத்தோம். பன்னிரண்டும் சரியாக வந்தன. ஜமாஅத் செயலர் கேள்விப்பட்டு மகிழ்ந்து, பள்ளிவாசல் அலுவலகக் கணினியில் அதனை ஏற்றிவிடலாம், ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் செய்துவிடலாம் என்று நாள் குறித்தார். நமக்கும் உள்ளூர ஒரு பூரிப்பு. இதை மறைப்பதில் பயனில்லை.

அதற்கு முந்திய ஞாயிறு காலை. பெண்பிள்ளைகள் வகுப்பில் சாளரத்தை ஒட்டி அமரும் ஒரு மாணவி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு. வந்தால் வந்தது தெரியாது, போனால் போனது தெரியாது. கேட்டால் மட்டும் பேசுவாள். கேட்டாலும் சிலவேளை பேசமாட்டாள். வகுப்பு கலைந்த பின்னும் அவள் எழவில்லை.

"ஹஜ்ரத், பதின்மூன்றரை லட்சத்தைப் பங்கு வைத்தால் பதினைந்து லட்சத்துச் சொச்சம் வருகிறது. மிச்சப் பணத்தை யார் தருவார்?"

திரையைப் பார்த்தோம். தொகை 13,50,000. மனைவி, இரு மகள்கள், தந்தை, தாய். பக்கம் மனைவிக்கு 1,68,750 கொடுத்திருந்தது. மகள்கள் இருவருக்குமாக 9,00,000. தந்தைக்கு 2,25,000, தாய்க்கு 2,25,000. இவற்றின் கீழே, நாம் சொல்லாத ஒரு வரியை அவளே சேர்த்திருந்தாள்: மொத்தம் 15,18,750.

நமக்கு வியர்த்துவிட்டது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஃபராயிள் ஓதிய எவருக்கும் புதிதன்று. மிம்பரில் நின்றிருந்த அலீ (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டு, அங்கேயே அவர்கள் விடை சொன்னதாக வழங்கும் கணக்கு. அதனால் அதற்கு மிம்பரிய்யா என்றே பெயர். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகியவற்றை இருபத்து நான்கு பங்காக விரித்தால் 3, 16, 4, 4, கூட்டினால் இருபத்தேழு. இருபத்து நான்கு பங்குள்ள சொத்தில் இருபத்தேழு பங்கு கேட்கிறார்கள். அப்போது சொத்தையே இருபத்தேழாகப் பகுத்து, எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துக் கொடுக்க வேண்டும். அவ்ல் என்பது இதன் பெயர். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இம்முறையில் கருத்து வேறுபட்டார்கள் என்பதும், நான்கு மத்ஹபுகளும் இதனை ஏற்றன என்பதும் உட்பட இதை முப்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறோம். மனப்பாடமாக இருந்தது. ஆனால் மாணவர்களுக்கு விதி சொல்லும்போது இதைச் சொல்லவில்லை. மறந்ததாகவும் சொல்ல முடியாது. கிதாபில் அவ்லுக்குத் தனி அத்தியாயம். அந்த அத்தியாயத்துக்கு நாம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓதும் மனத்துக்கு அது பிழையாகவே படவில்லை. சொன்னதை மட்டுமே செய்யும் கணினியோ நடுவில் நிறுத்திவைத்த பாடத்தை முழுப்பாடமாக எடுத்துக்கொண்டது.

நாம் கொடுத்த பன்னிரண்டு சோதனைகளை எடுத்துப் பார்த்தோம். அப்போதுதான் கண்ணில் பட்டது. பன்னிரண்டிலும் ஒரு மகன் இருந்தான். மகன் இருக்கும் கணக்கில் அவ்ல் எழாது. மற்றவர் பங்கு போக எஞ்சியதை அவன் பெறுவதால் கணக்கு எப்போதும் நேராகும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டை நாம் நினைத்தே பார்க்கவில்லை. மகள்களுக்கான விதியை எழுதச் செய்தோமே தவிர, ஒருமுறையும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை.

"மொத்தம் போடும்படி யார் சொன்னது?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லவில்லை, ஹஜ்ரத். உம்மா வீட்டுச் செலவு எழுதினால் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள்."

"இந்தக் கணக்கை எந்தக் கிதாபில் எடுத்தாய்?"

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா மௌத்தாகி ஆறு மாதம் ஆயிற்று" என்றாள்.

அவளும் தங்கையும் இரு மகள்கள். அவள் உம்மா மனைவி. பாட்டனாரும் வாப்பும்மாவும் தந்தையும் தாயும். பெரியவர்கள் அடுத்த மாதம் பங்கு வைக்க இருந்தார்கள். திருத்திய கணக்கில் அவள் உம்மாவின் பங்கு 1,50,000 ஆகக் குறையும். மகள்களின் பங்கு 8,00,000 ஆகும். அவள் காட்டிய பிழையால் அம்மூவரும் தாளில் இழந்தது 1,18,750 ரூபாய். இதை அவள் முன்னரே கணக்கிட்டிருந்தாளா என்று நாம் கேட்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கிற்று. இல்லாத பணத்தைப் பங்கு வைத்த தாள் ஒரு வீட்டுக்குள் போயிருந்தால், முதலில் கை நீட்டியவர்கள் முழுதாகப் பெற்றிருப்பார்கள். கடைசியில் கை நீட்டுபவருக்குத்தான் குறைந்திருக்கும். நம் ஊர்களில் கடைசியில் கை நீட்டுபவர் யார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயலரிடம் போய், இப்போது ஏற்ற வேண்டாம் என்றோம். அவர் முகம் சுளித்தார். பிழை நம்முடையது என்றதும் சற்றுத் தணிந்தார்.

திருத்தம் சிறியது. பங்குகளைப் பின்னமாக வைக்காமல் இருபத்து நான்கில் இத்தனை என்று முழு எண்ணாக வை, கூட்டு, கூட்டுத்தொகை இருபத்து நான்கை மிஞ்சினால் அக்கூட்டுத்தொகையாலேயே வகு. ஒரே நிபந்தனைக் கூற்று. முழு எண்ணாக வைப்பதற்கு வேறு காரணமும் இருந்தது. கணினி இரண்டின் அடிமானத்தில் எண்ணுவதால், பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று விடை சொல்லும். ஒன்பது லட்சத்தை இதே உறவினருக்குப் பிரித்து இரண்டு தசமத்துக்கு ஒடுக்கியபோது மொத்தம் 8,99,999.99 வந்தது, ஒரு பைசாவைக் காணோம். பையன்கள் அந்தப் பைசாவை இரண்டு மாலை தேடினார்கள். நம் முன்னோர் பின்னத்தோடு போராடாமல், ஒவ்வொருவர் பங்கும் முழு எண்ணாக வரும்வரை அடியெண்ணைப் பெருக்கிக்கொண்டே போன தஸ்ஹீஹ் என்னும் முறையை அப்போது சொல்லிக் கொடுத்தோம். முதல் ஆண்டு இதைச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் இன்னொரு தலைப்பாகியிருக்கும். பைசாவைத் தொலைத்தவர்களுக்கு அது கிதாபாகத் தெரியவில்லை, கருவியாகத் தெரிந்தது.

பின்னர் அவர்களே கணக்குத் தேடத் தொடங்கினார்கள். கணவன், இரு மகள்கள், தாய்: பன்னிரண்டு பதின்மூன்றாகிறது. அவர்களோடு தந்தையும் சேர்ந்தால் பதினைந்தாகிறது. "மிஞ்சினால் குறைக்கிறோம், குறைந்தால்?" என்று ஒருவன் கேட்டான். தாயும் ஒரே மகளும் மட்டும் இருந்தால் ஆறில் நான்குதான் செலவாகும், மீதி இரண்டு எங்கே போகும் என்பது கேள்வி. ரத்து என்னும் அத்தியாயத்தை நாம் திறக்கவில்லை, அவன் திறந்தான். ஷாஃபிஈ மத்ஹபின் முன்னோர் மீதியைப் பைத்துல்மாலுக்கு உரியது என்றதையும், பைத்துல்மால் ஒழுங்காக இல்லாத காலத்தில் பின்னோர் அதனை உறவினருக்கே திருப்பியதையும் சொன்னோம். எந்த மத்ஹபின்படி விடை என்று பக்கத்தின் மேலேயே எழுத வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

மனப்பாடம் வீண் என்று நாம் சொல்ல வருவதாக அன்பர்கள் கொள்ள வேண்டாம். அன்று ஞாயிறு காலை அந்தக் கணக்கு நெஞ்சில் இல்லாதிருந்தால், திரையில் நின்ற பதினைந்து லட்சத்தைப் பார்த்து நாமும் நிரலில்தான் பிழை தேடிக்கொண்டிருப்போம். பிழை நிரலில் இல்லை. அப்பிள்ளைகள் நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

அடுத்த மாதம் அவ்வீட்டில் பங்கு வைக்கும் நாளில் நம்மை அழைத்திருந்தார்கள். கணினி எடுத்துச் செல்லவில்லை, தாளும் பேனாவும்தான். பாட்டனார் முதியவர், கண் சரியாகத் தெரியாது. தொகையை வாசித்தோம். அடக்கச் செலவைக் கழித்தோம். "கடன் ஏதும் உண்டா?" என்று வழக்கம்போலக் கேட்டோம். கடைக் கடன் எதுவும் இல்லை என்றார்கள். வஸிய்யத்துக்கு நகர இருந்தோம்.

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "ஹஜ்ரத், மஹர் கடன் பெட்டியில் வருமா?"

உள்ளே அவள் உம்மா அவளை அடக்குவது கேட்டது. நாம் எழுதுவதை நிறுத்தினோம். கொடுக்கப்படாத மஹர் கணவன் மீதுள்ள கடன். பங்கு வைக்கும் முன்பே சொத்திலிருந்து கழித்து மனைவிக்குக் கொடுக்கப்பட வேண்டியது. கேட்க வேண்டியது நாம். இத்தனை வீடுகளில் இத்தனை ஆண்டுகளாகக் "கடன் உண்டா" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம். பாட்டனார் பள்ளிவாசலிலிருந்து நிக்காஹ் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். அரை மணி நேரத்தில் வந்தது. மஹருக்குரிய இடத்தில் பவுன் கணக்கு இருந்தது. எதிரே, பின்னர் கொடுப்பதாக என்று எழுதியிருந்தது. கொடுத்ததற்கான குறிப்பு இல்லை. முதியவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தின் மேல் கை வைத்திருந்தார். பிறகு, "முதலில் அதைக் கழியுங்கள்" என்றார்.

மறு வாரம், பக்கத்தில் கடன் பெட்டியின் கீழே சிறிய எழுத்தில் நான்கு சொற்கள் ஏறியிருந்தன: செலுத்தப்படாத மஹர் இதில் அடங்கும். அதன் பிறகே அதனை அலுவலகக் கணினியில் ஏற்ற இசைந்தோம்.